எந்தப் பணத்தில் மடிக்கணினி வாங்குவது?

கல்லூரியில் இடம் கிடைத்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பது முதல் கேள்வி. அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, "லேப்டாப் இல்லாம முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா" என்று பிள்ளை இரண்டாவது கேள்வியைக் கொண்டுவந்து வைக்கிறது. கட்டணத்துக்காக வட்டாட்சியர் அலுவலகம், வங்கி என்று அலையும் பெற்றோர், கணினிக்கு மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஒரே மாலையில் முடிவெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள். எந்தக் கணினி என்று முடிவு செய்வதற்கு முன்னால், அதை எந்தப் பணத்தில் வாங்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்; ஏனென்றால் கல்விக்காகக் கிடைக்கும் பணம் எல்லாம் ஒரே தன்மை உடையது அன்று.

நிதியுதவி என்று பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் மூன்று வகைப் பணம் இருக்கிறது. கையில் வராமலே கட்டணத்தில் கழிந்துபோகும் சலுகை ஒன்று. வங்கிக் கணக்கில் வரவாகி, திருப்பித் தரத் தேவையில்லாத உதவித்தொகை மற்றொன்று. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக் கடன் மூன்றாவது. சலுகைப் பணத்தைக் கொண்டு கடையில் எதையும் வாங்க முடியாது. உதவித்தொகையைக் கொண்டு வாங்கலாம், ஆனால் அது எந்த மாதம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடன் பணம் தேவைப்படும் நேரத்தில் வந்துவிடும், ஆனால் அது வாங்கும் பொருளின் விலையை நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்றிவிடும்.

சலுகைகளில் பலரும் அறிந்தது முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் அதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்து, மாணவர் அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கல்லூரிக்குச் செலுத்துகிறது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது கிடைக்கும்; நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்காது. கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வருவாய்த் துறையிடம் முதல் பட்டதாரி சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய உதவி 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020இல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. இதன்கீழ்ச் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இந்த வகையில் இடம் பெற்ற குடும்பத்துக்குக் கணினியே முதல் பெரிய செலவாக அமையலாம். அவர்களுடைய நிலைமை கீழே சொல்லப்போவதைக் காட்டிலும் எளிதானது.

அடுத்தது கையில் வரும் உதவித்தொகை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இதைப் பெறலாம் என்பது இவற்றின் சிறப்பு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் வழங்கும் உதவித்தொகைகள் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டவை. அவற்றுக்கு வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கட்டாயம். மத்திய அரசு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தரும் உதவித்தொகை இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இவற்றுக்கிடையே நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பெண்களுக்கு வழங்கும் பிரகதி உதவித்தொகைதான் அது. குழுவின் அனுமதி பெற்ற கல்லூரிகளில் தொழில்நுட்பப் பட்டமோ பட்டயமோ படிக்கும் மாணவியருக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து, மதிப்பெண் வரிசையில் தேர்வும் பெற்றால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். இந்தப் பணத்தைக் கட்டணத்துக்கும், புத்தகத்துக்கும், கணினிக்கும், மென்பொருளுக்கும் செலவிடலாம் என்று திட்டமே சொல்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே குழுவின் சக்ஷம் உதவித்தொகை இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் பலருக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றைப் பெற முடியாது என்ற நிபந்தனை பல உதவித்தொகைகளில் இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் நிபந்தனைகளைப் படித்து, எது அதிகம் தருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உதவித்தொகை வரவில்லை என்று கலங்கும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதைத்தான். அரசு உதவித்தொகைகளில் பல இப்போது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து, அந்த எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய்ச் சேர்கின்றன. பள்ளிக் காலத்தில் ஊரில் ஒரு கணக்கு இருக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் வளாகத்து வங்கிக் கிளையில் புதுக் கணக்குத் தொடங்கி, அங்கே ஆதார் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஊரில் உள்ள அம்மா பழைய பாஸ்புக்கை மாதாமாதம் வங்கியில் கொடுத்துப் பதிவு செய்து பார்ப்பார். ஒரு வரவும் இருக்காது. பணம் புதுக் கணக்கில் பேசாமல் கிடக்கும். இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கோடு ஆதார் இணைந்திருந்து, பணம் திரும்பிப் போவதும் உண்டு. வங்கிக்குச் சென்று, "என் ஆதார் இந்தக் கணக்கோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைந்திருக்கிறதா?" என்று கேட்டால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், உதவித்தொகை கல்வியாண்டின் நடுவிலோ இறுதியிலோ வருவது வழக்கம். ஆகவே "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிவிடலாம்" என்று நம்பி, முதல் பருவத்திலேயே கடைக்காரரின் மாதத் தவணையில் கணினி எடுப்பது நல்ல யோசனை அன்று. தவணை குறித்த தேதியில் வந்துவிடும், உதவித்தொகை வராது. "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் செய்யப்படுவதிலும், செயலாக்கக் கட்டணம், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பது என்று ஏதோ ஒரு வழியில் வட்டி ஒளிந்திருக்கும். ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இனிக் கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தைத்தான் பெரும்பாலான அரசு வங்கிகள் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. 4 லட்சம் ரூபாய் வரை பிணைச் சொத்தும் வேண்டாம், குடும்பத்தின் பங்குத் தொகையும் வேண்டாம். 7.5 லட்சத்துக்கு மேல் போகும்போதுதான் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கப்படும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டலாம். கல்விக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றோடு, படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்கவும் இந்தக் கடனில் இடம் உண்டு. இது தெரியாததால், கட்டணத்துக்கு மட்டும் கடன் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, கணினிக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கடனில் கணினியையும் சேர்க்க விரும்பினால் முதல் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டு, கடையிலிருந்து விலைப்புள்ளியும், படிப்புக்குக் கணினி தேவை என்று கல்லூரி தரும் கடிதமும் இணைப்பது நல்லது. வங்கி பெரும்பாலும் பணத்தை மாணவர் கையில் தராமல் கடைக்கே அனுப்பும்.

ஆனால் சேர்க்க முடியும் என்பதாலேயே சேர்த்துவிட வேண்டுமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் முதலாண்டில் 50,000 ரூபாய்க்குக் கடனில் மடிக்கணினி வாங்குவதாகவும், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஆண்டுக்கு 5,000 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த 25,000 ரூபாய் அசலோடு சேர்ந்து 75,000 ஆகிறது. இதைப் பத்து ஆண்டுத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 991 ரூபாய்; மொத்தம் ஏறத்தாழ 1,18,900 ரூபாய். முதல் தவணை கட்டும் நாளில் அந்த மடிக்கணினிக்கு ஐந்து வயது ஆகியிருக்கும். கடைசித் தவணை கட்டும்போது அது எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடக்குமோ தெரியாது. கட்டணத்துக்காக வாங்கும் கடன் வாழ்நாள் முழுவதும் பயன்தரும் பட்டத்தைத் தருகிறது. நான்கைந்து ஆண்டில் தேய்ந்துவிடும் கருவிக்குப் பதினைந்து ஆண்டுக் கடன் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, மதிப்பீட்டு அமைப்புகளிடம் தரச்சான்று பெற்ற கல்வி நிறுவனத்தில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருந்துவருகிறது. அந்த மானியம் கிடைத்தால் மேலே சொன்ன 25,000 ரூபாய் சேராது. 50,000 ரூபாய் 50,000 ஆகவே தவணைக்கு வரும், மொத்தம் சுமார் 79,300 ரூபாயில் முடியும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னணிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. மானியம் தானாக வராது; வருமானச் சான்றிதழோடு கேட்டுப் பெற வேண்டும். மானியம் இல்லாதவர்களும், முடிந்தால் படிக்கும்போதே மாதாந்திர வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. 50,000 ரூபாய்க்கு அது மாதம் 417 ரூபாய்தான்.

பணத்தின் குணம் தெரிந்துவிட்டால், கணினியை எப்போது வாங்குவது என்ற கேள்வி எளிதாகிவிடும். முதலில் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றை விசாரியுங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் சில ஆண்டுகள் நின்றிருந்த பின், 2025 மார்ச் 14 அன்று வெளியான தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. உங்கள் கல்லூரியும் உங்கள் ஆண்டும் பட்டியலில் உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். தனியார் கல்லூரி என்றால், கல்லூரியே கணினி கொடுத்து அதன் விலையைக் கட்டணத்தில் சேர்க்கிறதா என்றும் கேளுங்கள். சேர்த்தால், எவ்வளவு என்பதைக் கட்டணப் பட்டியலில் தனி வரியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பொறியியல் முதலாண்டில் எல்லாத் துறையினரும் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், தொடக்கநிலை நிரலாக்கம் ஆகியவற்றைத்தான் படிக்கிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழக எந்தப் பழைய கணினியும் போதும். கல்லூரி ஆய்வகமே பெரும்பாலோருக்குப் போதும். துறைக்குரிய கனமான மென்பொருள்கள் பிறகுதான் வருகின்றன. அப்போது மூத்த மாணவர்களைக் கேட்டால், எந்த மென்பொருளை உண்மையில் பயன்படுத்துகிறார்கள், எதை ஆய்வகத்திலேயே முடித்துவிடலாம் என்று தெளிவாகச் சொல்வார்கள். ஆகவே ஓராண்டு பொறுப்பது பணத்தை மிச்சப்படுத்துவதோடு, தவறான கணினியை வாங்குவதிலிருந்தும் காப்பாற்றுகிறது.

தவறான கணினி என்றால் என்ன? வணிகவியல் மாணவருக்கு விளையாட்டுக்கான கனத்த கணினியை வாங்கிக் கொடுப்பது ஒரு தவறு. படக்காட்சிகளை வேகமாக இயக்க அதில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண், அதைச் சுமந்து பேருந்தில் போவதும் சிரமம். அவருக்குத் தேவை கணக்கு அட்டவணையும் டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருளும். அதற்கு 8 ஜிபி ரேம் (வேலை நினைவகம்) போதும். டேலி விண்டோஸில்தான் இயங்கும் என்பதால், ஆப்பிள் கணினி அவருக்குப் பொருந்தாது. இயந்திரப் பொறியியலில் சாலிட்வொர்க்ஸ், கட்டடக்கலையில் ரெவிட் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களும் விண்டோஸுக்கு உரியவையே. அந்தத் துறையினருக்குத்தான் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி பயன்படும். கணினி அறிவியல் மாணவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டைவிட 16 ஜிபி ரேம் முக்கியம். எல்லாருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: சேமிப்பகம் பழைய வன்தட்டாக இல்லாமல், அதைவிட வேகமான எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால், இன்று 8 ஜிபியோடு தொடங்கி இரண்டாண்டு கழித்து அதிகப்படுத்திக்கொள்ளலாம்.

பழைய கணினி வாங்குவதை வெட்கத்துக்குரியதாக நினைக்க வேண்டாம். அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தி மாற்றிவிடும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலீட்புக் போன்றவை உறுதியான உடலும் நல்ல விசைப்பலகையும் கொண்டவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது கணினியின் மூளையான பிராசசரின் எண்ணைக் கவனிக்க வேண்டும். கணினியில் ஒட்டியிருக்கும் ஐ5 என்ற வில்லை மட்டும் எதையும் சொல்லாது. கணினியைத் திறந்து, அமைப்புகளில் "சிஸ்டம்" பகுதியில் உள்ள முழு எண்ணைப் பாருங்கள். ஐ5-6300யூ என்றிருந்தால் சிறு கோட்டுக்குப் பின் வரும் 6 அதன் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இன்டெல்லின் எட்டாம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்கிறது. ஆகவே அதற்கு முந்தைய கணினி எவ்வளவு மலிவாக இருந்தாலும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பயன்படுத்தும் எண்ணம் இருந்தாலொழிய வேண்டாம். மின்இணைப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திப் பாருங்கள், மூடியை நான்கைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள், கணினி தொடங்கும்போது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் எழுதிய பில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மென்பொருளுக்குப் பெரும்பாலும் பணம் ஒதுக்கத் தேவையில்லை. ஆட்டோகேட், ரெவிட் ஆகியவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு அவற்றை இலவசமாகத் தருகிறது. எழுதவும் கணக்குப் போடவும் இலவசமான லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. கள்ள நகல்களைக் கடையில் ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவற்றோடு வைரஸும் சேர்ந்தே வருவது வழக்கம்.

இவை எல்லாம் ஒரு வீட்டில் எப்படிச் சேர்ந்து வரும் என்று பார்க்க, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஒருவரின் மகளை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 விழுக்காட்டில் நினைத்த கல்லூரி கிடைக்காமல், பொதுக் கலந்தாய்வில் மின்னணுவியல் துறையில் இடம் பெற்றாள். முதல் பட்டதாரி சலுகை கட்டணத்தைக் குறைத்தது. பிரகதி உதவித்தொகைக்கு அவள் தேர்வாகவில்லை. மீதிக் கட்டணத்துக்கு மட்டும் வங்கியில் கடன். கல்லூரிக்குத் தரச்சான்று இல்லாததால் வட்டி மானியம் கிடைக்கவில்லை. எனவே கடனில் கணினியைச் சேர்க்கவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் பாதி பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போக, பாதியைக் கணக்கிலேயே விட்டுவைத்தாள். அப்படி விட்டுவைப்பது எல்லா வீட்டிலும் முடியாது என்பதை நான் அறிவேன். சில மாதங்களில் அவளாலும் முடிந்திருக்காது. இரண்டாண்டில் 18 மாதங்கள் முடிந்தது என்றால் 9,000 ரூபாய். அப்பாவின் இரண்டு தீபாவளி போனஸிலிருந்து ஒதுக்கிய 15,000 ரூபாயோடு சேர்த்து, மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் 24,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதுவரை ஆய்வகத்தில் வேலை பார்த்தவளுக்குத் தன் துறைக்கு என்ன தேவை என்று இப்போது தெரியும். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய பழைய கணினி ஒன்றைப் பார்த்து, பேட்டரியையும் விசைப்பலகையையும் சோதித்து, ஆறு மாத உத்தரவாதம் எழுதிய பில்லோடு வாங்கி வருகிறாள். அவளுடைய கடன் கணக்கில் கல்லூரிக் கட்டணத்தைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை.